பழைய கேபிள் சார்

“பழைய கேபிள் சார், யார் இழுத்திருந்தாலும் போயிருக்கும்.”

நான் சொன்னது இவ்வளவுதான். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. காரின் பானெட்டை, அதாவது இன்ஜினை மூடுகிற முன் மூடியை, திறக்கிற கேபிள் அது. பழையதுதான். அவுட்டர் என்கிற வெளி உறைக்குள் துரு ஏறி, இன்னர் கம்பி உரசி உரசிப் பாதி இழை ஏற்கெனவே அறுந்துபோயிருந்தது. வண்டி 1951 மாடல் மோரிஸ் மைனர். அந்தக் கேபிள் எத்தனை வருஷமாக அதில் கிடக்கிறது என்று வண்டிக்காரருக்கே தெரியாது. ஆனாலும் எட்டு மாதமாக இந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. ராத்திரி ஷட்டரை இழுத்துப் பூட்டும்போது சரியாக ஞாபகம் வந்துவிடுகிறது.

நான் அப்படிச் சொன்னது அவர் சொன்னதற்குப் பதிலாக. “நான்தான் தம்பி கொஞ்சம் வேகமா இழுத்துட்டேன். அப்பா இருந்திருந்தா திட்டியிருப்பார்” என்றார். 74 வயது மனிதர். அவருடைய அப்பா வாங்கிய வண்டி. அந்தக் கார் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு. அதை வடிவமைத்த இசிகோனிஸ், 1948-இல் வண்டி வெளிவருவதற்குக் கொஞ்சம் முன்னால், அகலம் போதவில்லை என்று மாதிரி வண்டியை நடுவில் நீளவாக்கில் அறுத்து நாலு அங்குலம் விலக்கிப் பார்த்தாராம். அதனால்தான் பானெட்டின் நடுவில் நீளமாக ஒரு தட்டையான பட்டை ஓடுகிறது. என்னிடம் முதன்முதலாக வண்டியைக் கொண்டுவந்த அன்றைக்கே இதைச் சொல்லி, அந்தப் பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தடவு தடவினார். குழந்தை முதுகைத் தடவுகிற மாதிரி. அப்படிப்பட்டவர் தன் கையால்தான் உடைந்தது என்று நினைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அவர் உடைக்கவில்லை. அல்லது, அவர் மட்டும் உடைக்கவில்லை.

கேபிள் அறுவதற்கு மூன்று மாதம் முன்னால் அவிநாசி ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்தால் பானெட் கடகடவென்று ஆடுகிறது என்று வந்திருந்தார். இந்த வண்டிகளில் பானெட்டின் முன்பக்கம் அடியில் ‘பின்’ என்கிற ஓர் இரும்பு முளை தொங்கும், சுற்றி ஸ்பிரிங். மூடும்போது பின் கீழே இருக்கிற பிளேட்டின் ஓட்டைக்குள் இறங்கும், லாக் நெம்புகோல் பக்கவாட்டில் நகர்ந்து அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கிற நாபை, அதாவது கைப்பிடிக் குமிழை, இழுத்தால் கேபிள் அந்த நெம்புகோலை விலக்கும், ஸ்பிரிங் பானெட்டைத் தூக்கிவிடும். பின்னின் நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். லாக் நட்டைத் தளர்த்திவிட்டு ஸ்க்ரூ ட்ரைவரால் பின்னைத் திருப்ப வேண்டும். உள்ளே திருப்பினால் பானெட் இன்னும் கீழே இறுக்கி உட்காரும், ஆட்டம் நின்றுவிடும்.

ஆட்டத்துக்கு உண்மையான காரணம் பின் இல்லை. பானெட் படிந்து உட்காருகிற ரப்பர்கள் தேய்ந்து கல்லாகிக் கிடந்தன. அவற்றை மாற்றியிருக்க வேண்டும். அன்றைக்கு என்னிடம் ரப்பர் இல்லை, தேடிப் பிடிக்க ஒரு வாரம் ஆகும், அவர் ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு வண்டியை எடுக்க வேண்டும் என்றார். நான் பின்னை இரண்டு சுற்று உள்ளே திருப்பி நட்டை இறுக்கிவிட்டேன். சத்தம் நின்றது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ரப்பர் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவரிடம் சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது, ஏனென்றால் சொல்லியிருந்தால் அவர் கேட்டுக்கொண்டே இருந்திருப்பார்.

இப்படி இறுக்கி வைத்தால் ஸ்பிரிங்கும் பானெட்டும் மேலே தள்ளுகிற பளு முழுதும் அந்த நெம்புகோலின் மேல் விழும். அதை நகர்த்த முன்பைவிடப் பலமாக இழுத்தாக வேண்டும். மூன்று மாதமாக அவர் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வயதானதால் கையில் பலம் குறைந்துவிட்டது என்று நினைத்திருப்பாரோ என்னவோ. ஒரு நாள் காலை தண்ணீர் பார்க்கலாம் என்று இழுத்தபோது நாபும் ஒரு சாண் கம்பியும் கையோடு வந்துவிட்டன. வண்டி ஓடும், ஆனால் ரேடியேட்டர் மூடி, ஆயில், பேட்டரி எல்லாம் உள்ளே. வெயில் ஏறும் முன்னே விடிகாலையிலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு ஆர்.எஸ். புரத்திலிருந்து என் ஷெட்டுக்கு வந்துசேர்ந்தார்.

கேபிள் அறுந்து பானெட் மாட்டிக்கொண்டால் பதறுகிறவர்கள் முதலில் செய்வது, முன் விளிம்பில் டயர் லிவரை விட்டு நெம்புவது. அந்தத் தகடு ஒருமுறை மடிந்தால் பிறகு எந்த டிங்கர் தட்டினாலும் பழைய வளைவு வராது. நான் அதைச் செய்யவில்லை, கிரில்லையும் தொடவில்லை. வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் படுத்தேன். ரேடியேட்டருக்கும் முன் தகட்டுக்கும் நடுவில் டார்ச் அடித்தால் லாக் கொஞ்சம் தெரியும். ஒரு வெல்டிங் ராடை எடுத்து மேல் பூச்சைத் தட்டிவிட்டு, நுனியைக் கொக்கியாக வளைத்து, பெயின்டில் கீறாமல் இருக்க நீளத்துக்கும் டேப் சுற்றினேன். கூட இருக்கிற பையன் மேலே துணியை மடித்துப் போட்டு இரண்டு கையாலும் பானெட்டை அமுக்க வேண்டும், அமுக்கினால் பின்னின் மேல் இருக்கிற பளு குறையும், அந்த நொடியில் நான் கீழே கொக்கியால் நெம்புகோலை இழுக்க வேண்டும். வழக்கமாக நாலைந்து தடவையில் வந்துவிடும்.

வரவில்லை. ஸ்ப்ரே குழாயை நீட்டி எண்ணெய் அடித்தேன், இருபது நிமிஷம் விட்டேன், மறுபடி படுத்தேன். கம்பி வளைந்ததே தவிர நெம்புகோல் அசையவில்லை. ஏன் இவ்வளவு இறுக்கம் என்று மல்லாக்கப் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் அந்த இரண்டு சுற்று ஞாபகம் வந்தது. உடம்பெல்லாம் வியர்வை, ஆனால் வயிற்றில் சில்லென்று இருந்தது. பானெட் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இதைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். திறந்த பிறகு கண்டுபிடித்து, யோசிக்க நேரமில்லாமல் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று பலநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை. அடியில் படுத்திருந்த அந்த நேரம் முழுக்க எனக்கு யோசிக்க அவகாசம் இருந்தது.

கடைசியில் பையனோடு இன்னொருவரையும் கூப்பிட்டு அமுக்கச் சொன்னேன். டக். மொத்தம் ஒரு மணி நேரம் நாற்பது நிமிஷம். வெளியே வந்து, விரலை விட்டுச் சேஃப்டி கொக்கியை விலக்கிப் பானெட்டைத் தூக்கினேன். லாக் நட்டில் என் ஸ்பேனர் தடம் பளபளவென்று இருந்தது. அப்போதுதான் அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து அந்த வார்த்தையைச் சொன்னார். நான் இந்த வார்த்தையைச் சொன்னேன்.

அவர் மனசு நோகக்கூடாது என்றுதான் சொன்னேன் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அது உண்மைதான், அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பின், பளு, நெம்புகோல் என்று விளக்கியிருந்தால் அவருக்கு என்ன லாபம்? கேபிள் எப்படியும் ஒரு நாள் போயிருக்கும். இன்னும் ஒரு வருஷம் கழித்து ஊட்டி மலைப் பாதையில் போயிருந்தால்? சரி, இதெல்லாம் சரி. ஆனால் அவர் கேட்காத கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும், அதைச் சொல்லாமல் இருப்பதற்கு வசதியாக ஓர் உண்மையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தாதோ என்று சில சமயம் நினைக்கிறேன். இல்லை, அதுவும் உறுத்தியிருக்கும்.

ஒரு பைக் கிளட்ச் கேபிளின் இன்னரை அளவுக்கு வெட்டிப் போட்டேன். மறுபடி அறுந்தால் அடியிலிருந்து கைவிட்டு இழுக்க இரண்டாவதாக ஒரு கம்பியும் கட்டி வைத்தேன். பின்னை இரண்டு சுற்று வெளியே எடுத்தேன். அடுத்த வாரமே ரப்பர் தேடி வாங்கி மாற்றினேன், அதற்குக் காசு வாங்கவில்லை. அன்றைக்கும் கேபிள் காசு மட்டும்தான் வாங்கினேன், கூலி வேண்டாம் என்றேன். அது தப்பாகப் போய்விட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மெக்கானிக்கா என்று அவர் நாலு பேரிடம் சொல்லி, இரண்டு அம்பாசிடர்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். அவர்கள் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு ஷெட்டுக்குள் நுழையும்போது எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சாயங்காலம் பையன் கேட்டான். “அண்ணே, பின்னை ரெண்டு சுத்து வெளிய எடுத்தீங்களே, எதுக்கு?” பளு எங்கே விழுகிறது, எவ்வளவு தளர்வு வேண்டும் எல்லாவற்றையும் ஒரு பானெட்டைத் திறந்து காட்டி நன்றாகவே சொல்லிக்கொடுத்தேன். யார் உள்ளே திருப்பியது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அன்றைக்கு ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துக் கொடுத்ததே அவன்தான். அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவனும் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை, பேசாமல் இருப்பதை என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டானோ என்றும் ஒரு பயம் இருக்கிறது.

போன மாதம் அவர் பேரனோடு வந்தார். கேபிள் இப்போது வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, சின்னப் பிள்ளை இழுத்தாலும் திறக்கும். அது பின்னைத் தளர்த்தியதால் என்று அவருக்குத் தெரியாது, தான் பக்குவமாக இழுக்கிறதால் என்று நினைக்கிறார். பேரனை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, இரண்டு விரலால் நாபைப் பிடிக்கச் சொல்லிக் காட்டினார். “இப்படி மெதுவா இழுக்கணும்டா. தாத்தா ஒரு தடவை முரட்டுத்தனமா இழுத்து உடைச்சிட்டேன், இந்த அண்ணன்தான் பாவம் ரெண்டு மணி நேரம் கீழ படுத்துக் கஷ்டப்பட்டார்.”

பானெட் டக்கென்று எழும்பியது. நான் போய்த் தூக்கி நிறுத்திவிட்டு, டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, ஆயில் பார்த்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் துடைத்து மறுபடியும் விட்டுப் பார்த்தேன்.