பெரியப்பாவுக்கான மழை வரைபடம்

ஜூன் 8, காட்பாடி

குடியாத்தம் பக்கம் மானாவாரியாக வேர்க்கடலை போடும் பெரியப்பாவுக்காக மழை வரைபடம் ஒன்றைத் தொடங்கினேன். வேலூர், காட்பாடி, குடியாத்தம், மேலாலத்தூர், பொன்னை ஆகிய ஊர்களின் தினசரி மழையளவு கையில் இருக்கிறது. மென்பொருள் எண்ணைக் கண்டதும் கூட்டிவிடுகிறது. மழையை நாட்கணக்கில் கூட்டலாம்; ஊர்க்கணக்கில் கூட்டக் கூடாது. குடியாத்தத்தில் 60 மி.மீ., பொன்னையில் 20 மி.மீ. பெய்த நாளில் 80 மி.மீ. மழை எந்த ஊரிலும் விழவில்லை. மில்லிமீட்டர் என்பது நீரின் உயரம். ஆகவே ஒவ்வோர் ஊருக்கும் மாதக் கூட்டுத்தொகை, அதன்பிறகே ஊர்களுக்கிடையே சராசரி.

ஜூன் 11

மாவட்டம் 'வேலூர்' என்று வடிகட்டினால் பழைய ஆண்டுகளில் ஆம்பூர், ஆலங்காயம், அரக்கோணம் எல்லாம் வருகின்றன. 2019 நவம்பரில் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் பிரிந்தபின் அவை காணாமல் போகின்றன. கிழக்கே இருக்கும் அரக்கோணமும் மலையடிவார ஆலங்காயமும் விலகிய சராசரியை முந்தைய சராசரியோடு ஒரே கோட்டில் இணைத்தால், எல்லை மாறியதை மழை மாறியதாகக் காட்டிவிடும். மாவட்டப் பெயரை விட்டுவிட்டு மழைமானி இருக்கும் ஊரின் பெயரால் வடிகட்டுகிறேன். மழைமானிக்கு மாவட்டப் பிரிவினை தெரியாது.

ஜூன் 12

வெற்றுக் கட்டம் வேறு, பூஜ்ஜியம் வேறு. பதிவு இல்லாத நாளை மழை இல்லாத நாளாக்குவது பொய்க்கணக்கு.

ஜூன் 17

பெரியப்பா வந்திருந்தார். மாதக் கூட்டுத்தொகைப் பட்டைகளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சரிப்பா, விதைத்தபிறகு எத்தனை நாள் காய்ந்தது என்று இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். விவசாயிக்கு வேண்டிய கேள்வி இதுதான். ஒரே இரவில் கொட்டி ஓடிவிட்ட 100 மி.மீ.யும் பத்து நாளாகப் பரவிப் பெய்த 100 மி.மீ.யும் கூட்டுத்தொகையில் ஒன்றுதான். கடலைச் செடிக்கு ஒன்றல்ல.

எனவே அளவையே மாற்றினேன். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வழக்கப்படி 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் மழைநாள். அதற்குக் குறைந்த நாட்கள் தொடர்ந்து வரும்போது, அந்தத் தொடர்களில் மிக நீளமானது எது? இங்கே சராசரிக்கு வேலையில்லை. உச்ச மதிப்புதான் வேண்டும். வடிகட்டியை எந்தப் படிநிலையில் போடுகிறோம் என்பதும் முக்கியம். வறண்ட நாட்களை முதலிலேயே நீக்கிவிட்டால் தொடர் என்ற ஒன்றே இராது. பதிவு இல்லாத நாள் குறுக்கே வந்தால் அந்தத் தொடரைத் தனி நிறத்தில் காட்டுகிறேன்.

ஜூன் 20

தமிழ்நாடு என்றதும் வடகிழக்குப் பருவமழை என்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் வடிகட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. எங்கள் வட ஆர்க்காட்டுக்கு அது பொருந்தாது. ஆடிப்பட்டக் கடலையைக் காப்பாற்றுவது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை. இங்கே அது கணிசமானது. இரண்டையும் தனித்தனிப் படங்களாக, ஒரே அளவுகோலில் வைத்தேன்.

இன்னொன்று: மழை காலை 8.30 மணிக்கு அளக்கப்படுகிறது. முந்தைய 24 மணி நேர மழை அன்றைய தேதியில் ஏறுகிறது. ஜூலை 31 இரவு பெய்தது ஆகஸ்ட் 1 கணக்கில் வரும். பெரியப்பாவின் நினைவோடு ஒப்பிடும்போது சண்டை வரக்கூடிய இடம் இதுதான் என்பதால், படத்தின் அடியிலேயே எழுதிவிட்டேன். எந்த ஊர்கள், எந்த மாதங்கள், மழைநாளுக்கு எந்த வரம்பு என்பதும் அங்கேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அச்செடுத்துக் குடியாத்தம் கொண்டுபோகிறேன்.