ரெண்டு பேருக்கும் ஒரே சிவப்பு மை: கடலூர் நாட்குறிப்பு

2025 ஜூலை 10, வியாழன்

நேத்து ராத்திரி மருமவன் போன் பண்ணான். நாயக், அதாவது சிப்பாய்க்கு மேல இருக்கற ராங்க், அந்த ப்ரமோஷன் லிஸ்ட் வந்துடுச்சு, அவன் பேர் இல்ல. ப்ரமோஷனுக்கான கேடர் பரீட்சை பாஸ் பண்ணிட்டான், ஓட்டத்துல, ஃபயரிங்ல எல்லாத்துலயும் நல்ல மார்க், ஆனா கண்டக்ட் ஷீட்ல ஒரு ரெட் இங்க் என்ட்ரி நிக்குது மாமா, அது இருக்கிற வரைக்கும் இந்த தடவை இல்லன்னுட்டாங்கன்னு சொல்றான். குரல் ஒடைஞ்சு போயிருந்துது.

நான் ராணுவத்துல ஹவில்தார் கிளர்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன், ஜவானோட தண்டனைய பதிவு பண்ற இந்த ஷீட்டுங்களோடயே வாழ்க்கை ஓடிச்சு. தெரியாதவங்களுக்கு சொல்றேன். தப்பு பண்ண ஜவானை தொப்பி பெல்ட் கழட்டிட்டு யூனிட்டுக்குத் தலைவரான சிஓ சாப் முன்னாடி மார்ச் அப் பண்ணுவாங்க, ஆர்மி ஆக்ட் 80வது பிரிவுல அவர் அங்கயே தண்டனை குடுக்கலாம், 28 நாள் வரைக்கும் உள்ள வைக்கலாம். சின்ன தண்டனைன்னா கறுப்பு மை, பெரிசுன்னா சிவப்பு மை. அந்த சிவப்பு தான் பின்னாடி ப்ரமோஷன் நேரத்துல எந்திரிச்சு நிக்கும். ராங்க் ஏறலைன்னா சம்பளம் மட்டும் போகல, சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, பென்ஷனும் அந்த ராங்குக்கு தான்.

இவன் பண்ண தப்பு என்னான்னா லீவு முடிஞ்சும் போகாதது, நாங்க ஓஎஸ்எல்னு சொல்லுவோம். போன டிசம்பர்ல. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை கடந்துச்சா, டிசம்பர் 2 விடியக்காலைல சாத்தனூர் டேம்ல ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தெறந்து விட்டாங்க, தென்பெண்ணை ரெண்டு கரையும் தாண்டி வந்துது. என் தங்கச்சி வீடு உச்சிமேட்டுல. மச்சான் போயி வருஷம் ஆச்சு, வீட்ல இருந்த ஆம்பள இவன் ஒருத்தன் தான், அம்மாவையும் பக்கத்து வீட்டு கெழவியையும் மொட்டை மாடிக்கு ஏத்தினதே இவன் தான். விக்கிரவாண்டி முண்டியம்பாக்கம் நடுவுல பாலத்துல தண்ணி ஏறி ரயிலும் நின்னு போச்சு. போன்ல சொல்லியிருக்கான், சரி சரின்னு சொல்லியிருக்காங்க, எழுத்துல எதுவும் இல்ல. போய் சேர்ந்ததும் 39வது பிரிவு, ஏழு நாள் ஆர்.ஐ., அதாவது கடுங்காவல், சிவப்பு மை.

லீவு தாண்டினது தப்பு தான், நான் இல்லன்னு சொல்லல. பட்டாளம்னா டயத்துக்கு நிக்கணும். ஆனா அந்த தப்புல யாருக்கு அடி விழுந்துச்சு?

2025 ஜூலை 14, திங்கள், புதுச்சேரி

வீட்டம்மாவோட பெரியப்பா பழைய சொல்தா, பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்கள இங்க அப்படித்தான் சொல்லுவாங்க. பிரெஞ்சு பட்டாளத்துல அல்ஜீரியா வரைக்கும் போய்ட்டு கப்போராலா, அதாவது கார்ப்பரலா வந்தவரு, தொண்ணூறு நெருங்குது. ஜூலை 14 வந்தா அவரை பீச் ரோடு போர் நினைவுச் சின்னத்துக்கு கூட்டிட்டு போறது எங்க வேலை. 1938ல தெறந்தது அது, மொத உலகப் போர்ல செத்த நம்ம ஊர் பசங்களுக்காக. மெடலெல்லாம் குத்திக்கிட்டு நின்னாரு, கால் நடுங்குது, உக்காரு பெரியப்பான்னா உக்காரல.

அப்புறம் வீட்ல சாப்பிடும்போது மருமவன் கதைய சொன்னேன். அவரு சாப்பாட்ட நிறுத்திட்டு ஒரு கதை சொன்னாரு, அது என் மண்டைய விட்டு போகல. 1957ல அல்ஜீரியாவுல தெ பொல்லார்தியேர்னு ஒரு ஜெனரல். ரெண்டாம் உலகப் போர்ல பெரிய வீரரு. பிடிச்சிட்டு வர்ற ஆளுங்கள சித்திரவதை பண்ணி தகவல் வாங்குற வேலை எனக்கு வேணாம், என்னை இந்தப் பொறுப்புலேந்து விடுவிச்சிடுங்கன்னு கேட்டாரு, அதை பத்திரிகையில கடிதமாவும் வெளிப்படையா சொன்னாரு. அதுக்கு அவருக்கு கெடச்சது 60 நாள் கோட்டைச் சிறை. அதே நேரத்துல அல்ஜியர்ஸ்ல சித்திரவதைய முன்ன நின்னு நடத்தின ஓசாரெஸ்னு ஒரு அதிகாரி ஜெனரல் வரைக்கும் ஏறினாரு. நாப்பது வருஷத்துக்கும் மேல கழிச்சு, 2001ல, அவரே எழுத்துல ஒத்துக்கிட்டப்புறம் தான் லெஜியோன் தொனேர்ங்கற பிரான்சோட பெரிய விருதுல கை வச்சாங்க. சித்திரவதை பண்ணதுக்கு கேஸ் போட முடியல, அல்ஜீரியா போருக்கு பொது மன்னிப்பு குடுத்தாச்சு. அதை நியாயப்படுத்தி எழுதினதுக்கு தான் அபராதம்.

இதோட விடல பெரியப்பா. 1961ல அரசாங்கத்துக்கு எதிரா கலகம் பண்ண ஜெனரலுங்கள்ல உயிரோட இருந்தவங்களுக்கு 1982ல பிரெஞ்சு ஜனாதிபதி மித்தெரான் சட்டம் போட்டு ராங்கும் பென்ஷனும் திருப்பிக் குடுத்தாரு. அவரு கட்சிக்காரங்களே எதிர்த்தாங்களாம்.

ஷீட்ட மட்டும் பாத்தா பொல்லார்தியேர் தண்டனை வாங்கினவரு, ஓசாரெஸ் சுத்தமானவரு. ப்ரமோஷன் போர்டு ஷீட்ட தான் பாக்கும்.

2025 ஜூலை 20, ஞாயிறு

இன்னைக்கு முன்னாள் ராணுவத்தினர் கூட்டம், திருப்பாப்புலியூர்ல ஒரு கல்யாண மண்டபத்து மாடியில. 26ம் தேதி கார்கில் விழாவுக்கு ஒருத்தருக்கு சால்வை போடணும்னு பேச்சு. ஹவில்தாருக்கு மேல ஜேசிஓவா போய் கௌரவ கேப்டன் ராங்க் வாங்கிட்டு வந்தவரு. எல்லாருக்கும் சந்தோஷம், நம்ம மாவட்டத்துக்காரரு.

நான் எந்திரிச்சு எனக்கு சம்மதம் இல்லன்னேன். மண்டபமே திரும்பிப் பாத்துது.

அந்த ஆளோட நான் ஒரே யூனிட்ல இருந்தவன். அவரு ஹவில்தாரா இருந்தப்ப ட்ரெய்னிங் முடிச்சு புதுசா வந்த ஒரு பையன, பண்ருட்டி பக்கத்துக்காரன், பத்தொம்பது வயசு இருக்கும், படுக்கைய சரியா மடிக்கலன்னு கன்னத்துல விட்ட அறையில காது ஜவ்வு கிழிஞ்சுது. அது மொத தடவையும் இல்ல, அவரு கையில அடி வாங்காத புதுப்பசங்க கம்மி. ஆஸ்பத்திரியில நான் போய் பாத்தப்ப பையன் என் வாயப் பாத்துட்டே பேசினான், ஒரு பக்கம் கேக்கல. ஆர்மி ஆக்ட்ல இதுக்குன்னே 47வது பிரிவு இருக்கு, தனக்கு கீழ உள்ளவன அடிச்சா, கொடுமை பண்ணா ஏழு வருஷம் வரைக்கும். அந்த 47 போடவே இல்ல, 63 போட்டாங்க, ஒழுங்கு மீறல்னு பொதுவான பிரிவு, எல்லாத்தையும் அதுக்குள்ள அடைக்கலாம். தண்டனை, கடுமையான கண்டிப்பு. ஒரு சிவப்பு மை வரி. வருஷம் ஓடிச்சு, வரி பழசாச்சு, நாயப் சுபேதார், சுபேதார், மேல மேல. பையன் மெடிக்கல் கேட்டகிரி கொறஞ்சு வீட்டுக்கு வந்துட்டான், முந்திரி உடைக்கிற கம்பெனியில கணக்கு எழுதுறான்.

இதுல இன்னொண்ணு. கீழ உள்ளவன் மேலதிகாரிய அடிச்சா 40வது பிரிவு, சாதாரண நேரத்துல பத்து வருஷம், போர்க்களத்துல இல்ல அந்த அதிகாரி டூட்டியில இருக்கும்போதுன்னா பதினாலு. மேலேந்து கீழ விழுற அடிக்கு ஏழு. சட்டத்துலயே தராசு சாஞ்சிருக்கு, நடைமுறையில அந்த ஏழும் இல்ல.

மண்டபத்துல சொன்னாங்க, அது அந்தக் காலத்து பட்டாளம்யா, அப்ப எல்லாரும் தான் அடிச்சாங்க, அந்த மனுஷன் எல்லையில பனியில நின்னவரு, பழச ஏன் கிளர்றீங்கன்னு. அவரு நின்னத நான் மறுக்கல. சுட்டாரு, நின்னாரு, அதுக்கு மெடல் குடுங்க, சம்பளம் குடுங்க, முழு பென்ஷன் குடுங்க, யாரு வேணாம்னா. ஆனா ராங்க்னா அவரு கைக்கு இன்னும் முப்பது பசங்கள, நூறு பசங்கள ஒப்படைக்கிறது. யாரோட காத கிழிச்சாரோ அதே வயசு பசங்கள. அந்த நூறு அம்மா அப்பனுக்கு யாரு பதில் சொல்றது?

2025 ஜூலை 21, திங்கள்

தூக்கம் வரல. பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் வாத்தியார் நல்ல கேள்வி ஒண்ணு கேட்டாரு, மனுஷன் திருந்தவே மாட்டானா சார், இருபது வயசுல பண்ண தப்புக்கு அம்பது வரைக்கும் அடைச்சு வைப்பீங்களான்னு.

திருந்துவான். நானே பாத்திருக்கேன், குடிச்சிட்டு கார்டு டூட்டியில மாட்டி ரெண்டு தடவை உள்ள போன ஒருத்தன் பின்னாடி கம்பெனியே நம்புற ஹவில்தார் ஆனான், புதுசா வர்ற பசங்கள்ல எவனாவது குடிக்க ஆரம்பிச்சா மொதல்ல இவன் தான் கண்டுபிடிப்பான். குடி, லீவு தாண்டறது, வாய்க்கு வாய் பேசுறது, இதுக்கெல்லாம் ஒரு காலக்கெடு வச்சு அழிச்சிடணும், அதுக்கப்புறம் யாரும் அத எடுத்து ஆட்டக்கூடாது. அதிகாரத்த வச்சு கீழ இருக்கிறவனையோ, கையில சிக்கின கைதியையோ, ஊர் பொம்பளைங்களையோ தொட்டவன் கதை வேற. அவனுக்கு திருந்த வழி குடுங்க, ஸ்டோர்ல போடுங்க, வண்டி ஓட்ட சொல்லுங்க. ஆள் மேல அதிகாரம் மட்டும் திரும்ப வேணாம். அந்த அதிகாரத்த வச்சு தானே அவன் அத பண்ணான்.

2025 ஜூலை 26, சனி

சால்வை போட்டாங்க. நான் மேடைக்கு போகல, கீழயும் உக்காரல, கார்கில்ல செத்தவங்க படத்துக்கு பூ போட்டுட்டு வந்துட்டேன்.

சாயங்காலம் தேவனாம்பட்டினம் பீச்ல நம்ம செட்டு ஆளுங்க புடிச்சுக்கிட்டாங்க. அதுல ஒருத்தன் இலங்கைய எடுத்தான். 2000 டிசம்பர்ல மிருசுவில்ல எட்டு தமிழ் ஆளுங்கள கொன்னு பொதச்ச கேஸ்ல, அதுல அஞ்சு வயசு குழந்தையும் ஒண்ணு, ஸ்டாஃப் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015ல மரண தண்டனை விதிச்சாங்க, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணுச்சு, 2020 மார்ச்ல அப்போ ஜனாதிபதியா இருந்த கோத்தபய மன்னிச்சு வெளிய விட்டுட்டாரு. கடைசி போர்ல 58வது டிவிஷன நடத்தின, போர்க்குற்றப் புகார் இருக்கற சவேந்திர சில்வாவ 2019ல ராணுவத் தளபதி ஆக்கினாங்க, ஐ.நா. அமைதிப்படைக்கு இலங்கை ஆளுங்கள எடுக்கறத நிறுத்திச்சு, 2020 பிப்ரவரில அமெரிக்கா அவர் உள்ள வரக்கூடாதுன்னுச்சு, அந்த வருஷ கடைசியிலயே முழு ஜெனரல் ஆக்கிட்டாங்க. அவர் மேல கோர்ட்ல எதுவும் நிரூபணம் ஆகலன்னு அவங்க சொல்லுவாங்க. விசாரிக்கவே விடாம நிரூபணம் ஆகலன்னு சொன்னா எப்படி? ப்ரமோஷன் குடுக்கறதுக்கு முன்னாடி விசாரிங்க, அவ்ளோ தான் நான் கேக்கறது.

அதுக்கு இன்னொருத்தன், நம்ம நாட்லயே டி.வி. பேன், அதான் டிசிப்ளின் விஜிலன்ஸ் தடை, இருக்கேண்ணா, விசாரணை முடியற வரைக்கும் ப்ரமோஷன நிறுத்தி வைக்கறாங்களேன்னான். இருக்கு. அதுலயும் ஓட்டை இருக்கு. 2012ல ராணுவத் தளபதியா இருந்த ஜெனரல் வி.கே. சிங் ரிட்டயர் ஆகறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி லெப்டினன்ட் ஜெனரல் தல்பீர் சிங் சுஹாக் மேல அந்த தடைய போட்டாரு, அடுத்து வந்த ஜெனரல் பிக்ரம் சிங் எடுத்துட்டாரு, 2014ல சுஹாக்கே தளபதி ஆயிட்டாரு. யாரு சரி யாரு தப்புன்னு நான் சொல்ல வரல. ஒருத்தர் கையெழுத்துல போட்டு இன்னொருத்தர் கையெழுத்துல போற தடைய ஜவான் எப்படி நம்புவான்? யூனிட்டுக்கு வெளிய இருக்கற ஆளு விசாரிக்கணும், இத்தனை மாசத்துல முடிக்கணும்னு கெடு இருக்கணும், அடி வாங்கினவன கூப்பிட்டு கேக்கணும். இப்ப அடிச்சவனோட சிஓவே விசாரிச்சு, யூனிட் பேர் கெடக்கூடாதுன்னு 63ல முடிச்சு வைக்கறாரு, அந்த சிஓவுக்கும் அடுத்த மாசம் ப்ரமோஷன் போர்டு இருக்கும்.

2025 ஜூலை 29, செவ்வாய்

வீரேந்திர குமார் துபே கேஸ் தீர்ப்ப ப்ரிண்ட் எடுத்துட்டு வந்தேன், 2015, சுப்ரீம் கோர்ட். நாலு ரெட் இங்க் வந்துடுச்சுன்னு மட்டும் ஒருத்தன வெளிய அனுப்ப முடியாது, தப்பு என்ன மாதிரி, எத்தனை வருஷம் சர்வீஸ், எந்த கஷ்டமான இடத்துல எல்லாம் இருந்தான், எல்லாம் பாக்கணும்னு சொல்லியிருக்கு. அது டிஸ்சார்ஜ் பத்தின கேஸ், ப்ரமோஷன் இல்ல. ஆனா எண்ணாத, எடை போடுன்னு கோர்ட்டு சொல்லுதுல்ல, அந்த நியாயம் போதும் மருமவனுக்கு.

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பெருக்கு

தங்கச்சி வீட்ல சித்ரான்னம். சாப்பிட்டு முடிச்சு திண்ணையில உக்காந்து பெட்டிஷன் எழுதினேன், ஜவான் தன் குறைய மேல முறையிடற ஆர்மி ஆக்ட் 26வது பிரிவுல, சிஓ வழியா மேல போகணும். கூட வைக்க விஏஓ குடுத்த வெள்ள பாதிப்பு சான்று, ரேஷன் கடையில ரெண்டாயிரம் நிவாரணம் வாங்கின பதிவு, சுவர் விழுந்த போட்டோ, அவன் யூனிட்டுக்கு பண்ண போன் கால் லிஸ்ட். தங்கச்சி ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்துட்டே, அண்ணா இதுல அவன் வேலைக்கு எதுவும் ஆகாதுல்லன்னு நாலு தடவை கேட்டா.

மருமவன் வீடியோ கால்ல வந்தான். மாமா, அந்த ஆள் அடிச்சதுக்கே ப்ரமோஷன் குடுத்தாங்கல்ல, அதையும் எழுதுங்கன்னான். வேணாம்டா மாப்ள, உன் கேஸ் தானா நிக்கும், அவர் பேர இழுத்தா உன்னையும் அவரையும் ஒரே தட்டுல வைப்பாங்கன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான், சரின்னான். நாளைக்கு ஸ்பீட் போஸ்ட்ல அவனுக்கு அனுப்பணும், அவன் கையெழுத்து போட்டு குடுப்பான்.

அதுக்கப்புறம் பண்ருட்டிக்கு போன் போட்டேன், அந்த காது போன பையனுக்கு. பையன் என்ன பையன், தலை நரைச்சுப் போச்சு. அடிச்சவர இப்ப ராணுவ கோர்ட்ல நிறுத்த முடியாது, 122வது பிரிவுல மூணு வருஷம் தான் கெடு, அது எப்பவோ போச்சு, அத மொதல்லயே சொல்லிட்டேன். ஆனா அவனோட காயம் பத்தின பேப்பர்ல பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான்னு எழுதியிருக்கு, அதனால தான் டிஸெபிலிட்டி பென்ஷன் இல்லன்னுட்டாங்க. அடிச்சதுக்கு 63ல ஒரு வரி, காதுக்கு பாத்ரூம், ரெண்டு பேப்பரும் ஒரே தேதி. அந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு யாரும் பாக்கல. நான் பாத்தேன், சாட்சி சொல்றேன்னேன்.

யோசிச்சு சொல்றேண்ணான்னு வச்சவன், ஒரு மணி நேரத்துல திரும்ப கூப்பிட்டான். சென்னையில ராணுவ தீர்ப்பாயத்துல கேஸ் நடத்துற வக்கீல் ஒருத்தர் எனக்கு தெரியும், புதன்கிழமை காலைல மொத பஸ்ல ரெண்டு பேரும் போறோம். டிஸ்சார்ஜ் புக்கும் அந்தக் காலத்து ஆஸ்பத்திரி சீட்டும் பெட்டியில இருக்கு, தேடி வைக்கிறேன்னான்.