வாசற்படியில் நின்றுபோகும் கால்

குலசேகரம் பக்கம் இருக்கும் என் மாமா முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் பால் வெட்டியவர். விடிவதற்கு முன்னாலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பட்டையை மெல்லிசாக, சரிவாகச் சீவ வேண்டும், கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரத்தில் காயம் பட்டு அந்த இடம் பிறகு முண்டும் முடிச்சுமாகிவிடும். அவர் வெட்டிய மரங்களில் அப்படிக் காயங்கள் வர ஆரம்பித்தபோது தோட்டத்துக்காரர் ஏசினார், வீட்டில் வயசாகிப் போச்சு என்றார்கள். கை நடுங்குவது மற்றவர்கள் கண்ணில் பட்டது ரொம்ப நாள் கழித்துத்தான். பார்க்கின்சன்.

நான் ஆய்வகத்தில் பார்ப்பதும் இதே விஷயம். நடுமூளையில் கருப்பாக ஒரு திட்டு இருக்கிறது, மனித மூளையை வெட்டினால் வெறும் கண்ணுக்கே தெரியும். அங்கிருந்து கிளம்பும் நரம்பு செல்கள்தான், அசைவைத் தொடங்க உதவும் ஸ்ட்ரையாட்டம் என்ற மூளைப் பகுதிக்கு டோபமைன் என்ற ரசாயனத்தைக் கொண்டு சேர்க்கின்றன. பார்க்கின்சனில் அந்த செல்கள் அழிந்து, கருமை வெளிறிப் போகும். டோபமைன் வந்து ஒட்டினால் பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்தைச் சுண்டெலியின் மூளையில் உண்டாக்கி, மெல்லிய ஒளியிழை வழியாக அந்த வெளிச்சத்தை அளக்கிறோம். எலி சக்கரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். பல சமயம், அது ஓடத் தொடங்குவதற்குச் சற்று முன்பே திரையில் கோடு மேலே எழும். முதல் தடவை பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தத் துறையின் ஆரம்பக் கதையிலும் ஓடாத விலங்குதான் இருக்கிறது. 1957-இல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு, மூளையின் டோபமைனை வற்ற வைக்கும் ரெசர்பின் கொடுத்தார் (நம்மூர் சர்ப்பகந்தா வேரில் இருக்கிற அதே பொருள்). அசையாமல் கிடந்த முயல்கள், மூளையில் டோபமைனாக மாறும் எல்-டோபாவை (லெவோடோபா என்பதும் இதுதான்) செலுத்தியதும் எழுந்து நடமாடின. 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாமா தினமும் விழுங்கும் மாத்திரையிலும் அதே லெவோடோபாதான்.

இவ்வளவும் தெரிந்த நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். போன முறை ஊருக்குப் போயிருந்தபோது ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது, ஆட்டோ வெளியே நிற்கிறது, மாமா முன்னறையைத் தாண்டி வந்தவர் வாசற்படிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். "சீக்கிரம் வாங்க மாமா" என்று இரண்டு தடவை சொன்னேன். அப்புறம் கையைப் பிடித்து இழுத்தேன். உடம்பு முன்னால் சாய்ந்தது, கால் வரவில்லை, விழப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மக்ளே, மனசு எப்பமோ ஆட்டோல போய் இருந்தாச்சி. காலு மட்டும் கேக்க மாட்டேங்கு."

அவசரப்படுத்தினால் இந்த உறைதல் கூடும் என்று நான் படித்தவள். அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் சாக்பீஸ் எடுத்து, முன்னறையிலிருந்து வாசல் வரை ஒரு எட்டுக்கு ஒரு கோடாகக் குறுக்கே வரைந்தேன். மாமா முதல் கோட்டை உற்றுப் பார்த்தார். காலைத் தூக்கித் தாண்டினார். அடுத்தது, அதற்கடுத்தது, படியும் இறங்கியாயிற்று. தானாக நடக்கும் நடைக்குத்தான் அந்த டோபமைன் பாதை பெரிதும் வேண்டும், கண் முன்னால் ஒரு குறி இருந்தால் மூளை வேறு வழியாகக் காலை நகர்த்துகிறது என்று கருதப்படுகிறது. எல்லாருக்கும் இது பலிக்காது, மருந்துக்கு மாற்றும் இல்லை. மாமாவுக்குப் பலித்தது. தோட்டத்துச் சரிவில் வெட்டிய படிகளில் அவர் நிற்காமல் ஏறி இறங்கியது ஏன் என்று மாமிக்கு அப்போதுதான் விளங்கியது. அதுவரை "வீட்டுல மட்டும் மடி பிடிக்காரு" என்று நினைத்திருக்கிறாள் பாவம்.

தரை துடைக்கும்போதெல்லாம் அழிகிறது என்று மாமி இப்போது அந்தக் கோடுகளைப் பெயின்டிலேயே போட்டுவிட்டாள். நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். எலி ஓடாத தடவைகளைப் பயனில்லை என்று கணக்கிலிருந்து கழித்துவந்தேன். இப்போது அவற்றைத்தான் முதலில் திறந்து, ஓட்டம் வராத அந்த நொடிகளில் பச்சைக் கோடு பாதி எழுந்து விழுந்ததா, எழவே இல்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.