கனடா பி.ஆர்.: அழைப்பு வருவதற்கு முன்பே முடிக்க வேண்டியவை

கனடாவில் நிரந்தரமாகக் குடியேற (பி.ஆர்.) திறன் பெற்ற பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் இணைய முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், ஃபெடரல் ஸ்கில்டு ஒர்க்கர் பிரிவுக்கு 67 புள்ளி தேறிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியதாகப் பலர் நினைக்கிறார்கள். அது பெயரைப் பதியத் தரும் அனுமதி மட்டும்தான். விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பைத் தீர்மானிப்பது, பதிந்தவர்களை வரிசைப்படுத்த 1200-க்குப் போடப்படும் சி.ஆர்.எஸ். மதிப்பெண். முப்பது வயதிலிருந்து ஆண்டுக்கு ஐந்தாறு புள்ளி கரையும். வேலை உத்தரவுக்குக் கிடைத்துவந்த கூடுதல் புள்ளியும் 2025 மார்ச் 25 முதல் இல்லை. உழைத்து ஏற்றக்கூடியது பெரும்பாலும் மொழித் தேர்வுதான்.

ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு என்றால் ஜெனரல் ட்ரெய்னிங் வகை, அகாடமிக் செல்லாது. குறி, கனடாவின் மொழித்திறன் அளவுகோலான சி.எல்.பி.-யில் 9, அதாவது லிசனிங்கில் 8, மற்ற மூன்றிலும் 7. லிசனிங்கில் 7.5 வந்தால் 'அரை பேண்டுதானே' என்று விட்டுவிடாதீர்கள். தனியாக விண்ணப்பிப்பவருக்கு அந்தப் பகுதியில் 31-க்குப் பதில் 23 கிடைக்கும். அதோடு நிற்காது. முதுகலைப் பட்டமும் கனடாவுக்கு வெளியே மூன்றாண்டு அனுபவமும் உள்ளவருக்கு, நான்கு பகுதியிலும் சி.எல்.பி. 9 இருந்தால் திறன் சேர்க்கைக்கு (படிப்பு, அனுபவம் ஒவ்வொன்றும் மொழித் திறனோடு சேர்வதற்கு) 100 புள்ளி. லிசனிங்கின் 7.5 போல ஒன்றில் சி.எல்.பி. 8 ஆனாலும் 50தான். மொத்த இழப்பு 58. லிசனிங்கில் 8 எடுக்க நாற்பதில் ஏறக்குறைய 35 விடை சரியாக வேண்டும். கேட்டுப் புரிந்துகொண்டவர்களே பன்மைக்கான 'எஸ்' விட்டும், எழுத்துப் பிழை செய்தும், இரண்டு சொல் கேட்ட இடத்தில் மூன்று எழுதியும் அதைக் கோட்டை விடுகிறார்கள். பயிற்சித் தாளைத் திருத்தும்போது இந்த மூன்றையும் தனியாக எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும்.

அழைப்பு வந்த பிறகு கிடைப்பது 60 நாள். அதற்குள் வேலை அனுபவக் கடிதம் வாங்குவதுதான் பெரும்பாடு. நம் ஊர் நிறுவனங்கள் தரும் ரிலீவிங் லெட்டரில் பதவியும் தேதியும்தான் இருக்கும். கேட்கப்படுவதோ லெட்டர்ஹெட்டில் பணிகளின் விவரம், வார வேலை நேரம், ஆண்டுச் சம்பளம், கையொப்பமிட்டவரின் பதவி, தொடர்பு விவரம். கனடாவின் தொழில் வகைப்பாட்டுப் பட்டியலான என்.ஓ.சி.-யின் பக்கத்தில் உள்ள பணி வரிகளை அப்படியே நகலெடுத்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். நீங்கள் செய்ததை உங்கள் சொற்களில் எழுதித் தாருங்கள். எச்.ஆர். மறுத்தால் அன்றைய மேலாளரின் நோட்டரி சான்றிட்ட உறுதிமொழி, சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, சம்பளம் வரவான வங்கிக் கணக்கு அறிக்கை, மறுப்பை விளக்கும் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

பெயரில் கவனம் வேண்டும். டிகிரியில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் இரண்டும் ஒருவரே என்ற அஃபிடவிட் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால், படிவத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, மற்றதைக் காலியாக விட வேண்டும்.

பணக் கையிருப்புக்கு வங்கிக் கடிதத்தில் ஆறு மாதச் சராசரி இருப்பும் கடன் நிலுவையும் வேண்டும். கடன் வாங்கிய பணமும் வீட்டின் மதிப்பும் சேராது. அப்பா திடீரென்று பெரிய தொகை போட்டால் அன்பளிப்புக் கடிதத்தோடு, அந்தப் பணம் அவருக்கு எப்படி வந்தது என்ற ஆதாரமும் வையுங்கள்.

கடந்த பத்தாண்டில் சிங்கப்பூரிலோ துபாயிலோ தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருந்தால் அந்த நாட்டுக் காவல்துறைச் சான்றும் தேவை. அதற்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும். மருத்துவப் பரிசோதனையும் 2025 ஆகஸ்ட் 21 முதல் விண்ணப்பத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பேனல் மருத்துவரிடம் மட்டுமே செய்யலாம்.