கிளினிக் திகதி தவறாமல் போக: துணைபோனதில் அறிந்தவை

கிளினிக்குக்கு வராமல் நின்றவரை அக்கறையில்லாதவர் என்று எண்ணுவது பெரும்பாலும் பிழை. யாழ்ப்பாணத்தில் எச்.ஐ.வி உள்ளவர்களுக்குத் துணைபோகும்போது திரும்பத் திரும்பக் காண்பது இரண்டு தடைகள்: தெரிந்த ஆள் யாரும் கண்டுவிடுவாரோ என்ற பயம், வசதியில்லாத நாளில் விழுந்த திகதி. மருந்து அரச கிளினிக்கில் இலவசம். பஸ் காசையும் அன்றைய கூலியையும் யார் தருவது?

திகதி போடும்போதே கலண்டரைப் பார்க்க வேண்டும். போயா நாளா, நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களுக்குள்ளா என்று பார்த்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்தால் நெடுந்தீவுக்காரருக்குக் குறிகட்டுவான் படகு ஓடாது. ஆகவே குளிசை முடியும் நாளில் திகதி வைக்கவே கூடாது. நாளுக்கு ஒன்றாக 30 குளிசைப் போத்தல் என்றால், போத்தல் தொடங்கி 20ஆம் நாளுக்கும் 23ஆம் நாளுக்கும் இடையில் வரவேண்டும். ஒரு கிழமைக்குக் கையிருப்பு நிற்கும், கடையடைப்பு வந்தாலும் தாங்கும். வைரஸ் அடங்கி உடல்நிலை சீரானவர் சில மாத மருந்தை ஒன்றாகத் தர முடியுமா என்று வைத்தியரிடம் கேட்டுப் பார்க்கலாம். கூச்சத்தில் கேட்காமலே அலைபவர்கள் உண்டு.

நினைவூட்ட முன் மூன்று விஷயம் கேட்டு வைக்க வேண்டும்: எந்த இலக்கத்துக்கு, எந்த நேரத்தில், வேறு ஆள் எடுத்தால் என்ன சொல்வது. குறுஞ்செய்தியில் ‘கிளினிக்’, ‘மருந்து’ என்ற சொற்களே வேண்டாம். “அண்ணை, வியாழக்கிழமை அந்த அலுவல் இருக்கு” போதும். மூன்று நாள் முன்பு ஒன்று, முதல்நாள் பின்னேரம் ஒன்று. அதற்குமேல் அடித்தால் வீட்டில் கேள்வி எழும். கூடப் போக அதே ஊர் ஆளை அனுப்புவது நல்ல மனதோடு செய்யப்படும் பிழை. ஓட்டோவையும் கிளினிக் வாசலில் நிறுத்தாமல் சற்று முன்னே இறங்கி நடக்கலாம்.

இரத்தம் எடுக்கும் நாளில் பலர் வெறும் வயிற்றோடு வந்து தலைசுற்றி விழப் பார்ப்பார்கள். வைரஸ் அளவுக்கும் சீ.டி.4க்கும் (நோய் எதிர்ப்புக் கலங்களின் எண்ணிக்கை) பட்டினி தேவையில்லை. சீனி, கொழுப்புப் பரிசோதனையும் உண்டா என்று முன்கூட்டியே கேட்டால் சரி. அன்றைய குளிசையை வழமைபோல் போட வேண்டும்.

விரதத்தில்தான் சிக்கல். கந்தசஷ்டி ஆறு நாளும் குளிசையையே விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். டொலுட்டெக்ராவிர் என்ற எச்.ஐ.வி மருந்து சேர்ந்த குளிசையைச் சாப்பாடு இல்லாமலும் போடலாம். ஆனால் இரும்பு, கல்சியம் குளிசைகளை வெறும் வயிற்றில் அதோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது. டொலுட்டெக்ராவிரை அவற்றுக்கு 2 மணித்தியாலம் முன்போ 6 மணித்தியாலம் பின்போ போட வேண்டும். சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே போடலாம். வயிற்றெரிவுக்குக் குடிக்கும் பாணி மருந்துக்கு அந்தச் சலுகை இல்லை, இடைவெளி கட்டாயம்.

திகதி தவறியவருக்கு அடுத்த நாளே அழைப்பு எடுக்க வேண்டும். “ஏன் வரேல்லை?” என்று தொடங்கினால் அடுத்த முறை போனை எடுக்கமாட்டார். “குளிசை எத்தனை மிச்சம் இருக்கு?” என்று கேட்டால் உண்மை வரும். மிச்சக் குளிசையைப் போத்தலோடு கொண்டுவரச் சொல்ல வேண்டும். எதிர்பார்த்ததைவிடக் கூட இருந்தால் விட்ட நாட்கள் தெரியும். குறைவாக இருந்தால் வீட்டில் இன்னொருவரும் அதையே பங்குபோடுகிறாரா என்று மெதுவாக விசாரிக்கலாம்.