கயிறு ஓடட்டும்

சின்னத் தோட்டத்தில் நிற்கும் பெரிய மரத்தை இறக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்களின் கண்ணெல்லாம் மேலேதான் இருக்கும். செயின்சா சத்தமும் கொட்டும் மரத்தூளும் அங்கேதான். நான் கீழே நின்று கயிறு பிடிக்கிறவன். திருப்பத்தூரிலிருந்து மாமாவோடு பெங்களூர் அல்சூருக்கு வந்த காலத்திலிருந்து இதுதான் என் வேலை. ஓடு நொறுங்காமல், சுவர் இடியாமல், மேலே இருக்கிற தம்பிக்கு ஒன்றும் ஆகாமல் மரம் இறங்குகிறதா என்பது பாதிக்கு மேல் கீழே இருக்கும் கையைப் பொறுத்தது. அந்தக் கை செய்ய வேண்டிய முக்கியமான காரியம் கயிற்றை ஓட விடுவது. இறுக்கிப் பிடிப்பதுதான் பத்திரம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சமீபத்தில் காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீடு. பின்பக்கம் தூங்குமூஞ்சி மரம், நல்ல வயது. அடியில் ஒரு பக்கம் காளான் பூத்து, சுத்தியலால் தட்டினால் பொக்கென்று கேட்டது. வீட்டுக்காரம்மா மனமில்லாமல்தான் சம்மதித்தார். கர்நாடகத்தில் 1976ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி சொந்த நிலத்து மரத்துக்கும் மர அதிகாரியின் அனுமதி வேண்டும். அந்தக் காகிதத்தைக் கண்ணால் பார்க்காமல் நாங்கள் கயிற்றை வண்டியிலிருந்து இறக்குவதில்லை.

இடத்தைச் சொல்கிறேன். ஒரு பக்கம் மங்களூர் ஓட்டுக்கூரை, மறுபக்கம் அண்டை வீட்டு மாடியில் சோலார் ஹீட்டர், முன்னால் மின்கம்பி. சந்து குறுகல், கிரேன் நுழையாது. மின்சாரக் கம்பெனியான பெஸ்காமில் சொல்லி லைனை நிறுத்தியாயிற்று. அடுத்து நான் கேட்டது, "அம்மா, சம்ப் எங்கே?" பெங்களூர் வீடுகளில் தண்ணீர்த் தொட்டி தரைக்கு அடியில் இருக்கும், மேலே பூந்தொட்டி வைத்திருப்பார்கள். அந்த ஸ்லாப் மேல் ஒரு கட்டை விழுந்தால் நேரே தொட்டிக்குள்தான் போகும். சாக்கு விரித்து அந்த இடத்துக்கு எல்லை போட்டோம்.

பிறகு கணக்கு. இதை மனத்தில் போடத் தெரியாதவர் கயிறு பிடிக்கக் கூடாது என்பது என் கட்சி. 60 சென்டிமீட்டர் விட்டம், 1 மீட்டர் நீளம் உள்ள கட்டையின் கன அளவு சுமார் 0.28 கன மீட்டர். பச்சை மரத்தைத் தண்ணீர் கனத்துக்கு ஒப்பாக வைத்தால் 280 கிலோ. கட்டையில் கட்டிய கயிறு மரத்தில் மாட்டிய கப்பி வழியாகக் கீழே என் கைக்கு வரும். அடிமரத்தில் அந்தக் கப்பியை வெட்டுக்குக் கீழேதான் கட்ட முடியும், மேலே கட்டுவதற்கு மரம் இருக்காது. அதனால் வெட்டிய கட்டை சாய்ந்து, கப்பியைத் தாண்டி விழுந்த பிறகுதான் கயிறு இறுகும். ஒன்றரை மீட்டர் விழுகிறது என்று வையுங்கள். கீழே இருப்பவர் இறுக்கிப் பிடித்து, அது 30 சென்டிமீட்டரில் நின்றால், கயிற்றில் விழும் விசை சராசரியாக எடையைப் போல் 6 மடங்கு, ஏறக்குறைய 1,700 கிலோ. கப்பியில் கயிற்றின் இரண்டு பக்கமும் சேர்ந்து இழுப்பதால் மரத்துக்கு அதுவே 3,400 கிலோ. உச்ச விசை இதற்கும் மேலே போகும். அடி பொக்கான மரத்தின் தலையில், நம் தம்பி இடுப்புவாரோடு தொங்கிக்கொண்டிருக்கும்போது, இப்படி ஓர் இழுப்பு!

அதே கட்டையை ஓட விட்டு, 3 மீட்டரில் மெல்ல நிறுத்தினால் கயிற்றில் ஒன்றரை மடங்கு, 420 கிலோ. கப்பியில் 840. கயிறு, கட்டை, மரம் எதுவும் மாறவில்லை. கீழே இருந்த கை மட்டும் மாறியது.

அந்தக் கைக்குப் பலம் வேண்டியதில்லை, சுற்றுதான் வேண்டும். அடிமரத்தில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினால், பட்டையின் உராய்வு ஓரளவு இருந்தாலே, கைக்கு வரும் இழுப்பு ஆறில் ஒரு பங்காகிவிடும். இரண்டு சுற்றில் 280 கிலோவை 7, 8 கிலோவாக உணரலாம். சரி, மூன்றாவது சுற்றும் போட்டால் இன்னும் சுலபம்தானே என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். அங்கேதான் ஆபத்து. மூன்று சுற்றில் கயிறு ஓடவே ஓடாது, கட்டை சடக்கென்று நிற்கும். லேசான கிளைக்கு ஒரு சுற்று, கட்டைக்கு இரண்டு, முதலில் ஒரு சின்னக் கிளையை இறக்கி அன்றைய பட்டை எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்துக்கொள்வது. மழை நனைத்த பட்டை வேறு மாதிரி நடந்துகொள்ளும். கயிற்றைச் சுற்றுவதற்கென்று அடிமரத்தில் கட்டும் இரும்பு உருளை ஒன்றும் வைத்திருக்கிறோம். பட்டை உரிகிற மரத்தில் அதுதான் நம்பகமானது.

கிளைகளுக்கு வேறு யோசனை. தூங்குமூஞ்சியின் கிளைகள் படுக்கையாக நீண்டு கூரைக்கு மேல் போயிருக்கும். வெட்டும் பக்கத்தில் மட்டும் கட்டினால் நுனி முதலில் தொங்கி ஓடுகளை வாரிவிடும். அதனால் கயிற்றை நடுவுக்கும் அப்பால், நுனிப்பக்கம் கட்டுவோம். அப்போது வெட்டுவாய் கீழே இறங்கும், நுனி மேலேயே நிற்கும். ஆனால் அந்தக் கனமான முனை அடிமரத்தை நோக்கி ஊசலாடி வரும், அங்கேதான் தம்பி இருக்கிறான். அதனால் வெட்டுவாயில் இன்னொரு கயிறு கட்டி, ஒருவர் தோட்டத்தின் மூலையிலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். இலையோடு இறக்குவதே நல்லது, இலை காற்றைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். குல்மோகரிலும் சில்வர் ஓக்கிலும் இந்த நிதானம் போதாது. அவை சொல்லாமல் கொள்ளாமல் முறியும், துண்டுகளை இன்னும் சின்னதாக்க வேண்டும்.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் குழுவில் தமிழும் கன்னடமும் கலந்திருக்கும். நாம் 'புடி' என்று கத்தினால் பிடிக்க வேண்டும். கன்னடத்தில் 'பிடு' என்றால் விட வேண்டும். செயின்சா ஓடும்போது இரண்டும் ஒன்றாகத்தான் காதில் விழும். அதனால் வாயால் கட்டளை கிடையாது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் கயிற்றை விடு. என் விசில் கேட்காமல் தம்பி கடைசி வெட்டைப் போடமாட்டான்.

கயிற்றில் கஞ்சத்தனம் வேண்டாம் என்று வீட்டுக்காரர்களிடமும் சொல்லுவேன். லாரியில் பாரம் கட்டிக் கிழிந்த கயிற்றோடு வரும் குழுவைத் திருப்பி அனுப்புங்கள், கூலி குறைவாகக் கேட்டாலும். முடிச்சுப் போட்டதுமே கயிற்றின் வலு கணிசமாகக் குறைந்துவிடும். அறுபடும் வலு 5 டன் என்று போட்ட கயிற்றில் 500 கிலோவுக்கு மேல் விசை வர நான் அனுமதிப்பதில்லை. அந்தக் காக்ஸ் டவுன் மரத்தில் அதையும் பாதியாக்கினோம், அடி பொக்கு என்பதால். கட்டைகளை ஒரு முழ நீளத்துக்கு மேல் வெட்டவில்லை. வேலை ஒரு நாள் கூடுதலாக இழுத்தது, வீட்டுக்காரம்மா முகம் சுளிக்காமல் டீ கொடுத்துக்கொண்டே இருந்தார்.

கடைசி 3 மீட்டருக்குக் கயிறு தேவையில்லை. சம்ப்புக்கு எதிர்ப்பக்கம் பழைய லாரி டயர்களை அடுக்கி, துண்டுகளை அதன் மேல் தள்ளினோம். அப்புறம் நான் கயிறு முழுவதையும் விரல்களுக்கு இடையே விட்டுப் பார்த்தேன். உராய்வின் சூட்டில் நைலான் உருகினால் அந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழக்கும், வளைத்தால் விறைப்பாக இருக்கும். இரண்டு இடங்களில் அப்படி இருந்தது. அங்கே வெட்டிவிட்டேன், மிஞ்சிய துண்டுகள் இப்போது விறகுக்கட்டு கட்ட உதவுகின்றன.