நோயுற்ற நடத்துநருக்குப் பதிலாக நான் போகாத கதை

சென்ற நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு என் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். இங்கிலாந்தில் ஓர் இசைக்குழுவின் நடத்துநர் நோய்வாய்ப்பட்டுவிட்டார் என்றும், மறு வாரம் வியாழக்கிழமை கச்சேரி என்றும், நிகழ்ச்சியின் இரண்டாம் பாதியில் செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக்கின் எட்டாம் சிம்பொனி என்றும், அதை நான் தேர்வுக்காக நடத்திய பதிவைப் பார்த்துவிட்டு அவர்கள் என் பெயரைக் கேட்கிறார்கள் என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஒத்திகை இரண்டே நாட்கள். எனவே செவ்வாய் இரவுக்குள் நான் அங்கே இருக்க வேண்டும். முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அந்தச் சொல்லைச் சொன்னபோது நான் சிம்பொனியை நினைத்தேனே தவிர, மேசை இழுப்பறையில் கிடந்த இந்தியக் கடவுச்சீட்டை நினைக்கவில்லை.

எங்கள் தொழிலில் இளையவர்களுக்குக் கதவு திறப்பது பெரும்பாலும் இப்படித்தான். 1943 நவம்பர் 14 அன்று நடத்துநர் புரூனோ வால்ட்டர் உடல்நலம் குன்றியதால் ஒத்திகையே இல்லாமல் நியூயார்க்கின் கார்னெகி அரங்கில் மேடையேறிய லியோனார்ட் பெர்ன்ஸ்டைனுக்கு அப்போது வயது 25. 1886இல் ரியோ டி ஜெனிரோவில் 19 வயதுச் செல்லோக் கலைஞராக இருந்த டோஸ்கனீனி, நடத்துநர் இல்லாமல் தவித்த ‘ஐடா’ என்னும் இசைநாடகத்தை நினைவிலிருந்தே நடத்தினார். 1983இல் எசா-பெக்கா சலோனன் சில நாட்களில் படித்து முடித்த, இசையமைப்பாளர் மாலரின் மூன்றாம் சிம்பொனியோடு லண்டனில் அறிமுகமானார். இந்தக் கதைகளை வகுப்பில் ஆசிரியர்கள் சொல்லும்போது, ஸ்கோரை, அதாவது முழு இசைக்குறிப்பு நூலை, எப்போதும் தயாராக வைத்திருங்கள் என்று முடிப்பார்கள். பெர்ன்ஸ்டைன் அதே நியூயார்க்கில் வசித்தார், டோஸ்கனீனி அதே குழுவோடு கப்பலில் வந்து ஏற்கெனவே ரியோவில் இருந்தார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. சலோனன் எல்லை கடந்துதான் போனார். ஆனால் அவர் கையில் இருந்தது ஃபின்லாந்துக் கடவுச்சீட்டு.

நான் கிழக்கு ஜெர்மனியின் ஒரு சிறு நகரில் நடத்துநர் கலையில் முதுகலை படிக்கிறேன். என் குடியிருப்பு அனுமதி அட்டை அக்டோபரிலேயே காலாவதியாகியிருந்தது. புதிய அட்டைக்கு உரிய காலத்தில் விண்ணப்பித்திருந்ததால், இடைக்காலச் சான்றாக ‘ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்’ என்னும் மடித்த தாள் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். ஜெர்மனியில் வாழும் நம்மவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது அந்தத் தாளைக் கையில் பிடித்திருப்பார்கள். அதில் மூன்று கட்டங்கள் உண்டு. பழைய அனுமதி தொடர்ந்து செல்லுபடியாகும் என்று சொல்லும் மூன்றாவது கட்டத்தில் குறி இருந்தால் மட்டுமே வெளிநாடு போய்த் திரும்பி வரலாம். மற்ற இரண்டில் எதில் குறி இருந்தாலும், நாட்டை விட்டு வெளியேறினால் அந்தத் தாளைக் காட்டித் திரும்ப முடியாது. அன்று இரவு பிரிட்டன் விசாவுக்கான இணையப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோதுதான் என் தாளை முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். குறி முதல் கட்டத்தில் இருந்தது.

அது எழுத்தரின் பிழை. புதுப்பித்தலுக்கு விண்ணப்பித்தவருக்கு மூன்றாவது கட்டம்தான் சட்டப்படி உரியது. தாளைப் பெற்ற அன்றே அங்கேயே நின்று பார்க்காதது என் பிழை. ஐந்து வாரங்கள் அதைப் பையில் சுமந்து திரிந்திருக்கிறேன்.

அயல்நாட்டவர் அலுவலகம் செவ்வாயும் வியாழனும் மட்டுமே திறந்திருக்கும். வியாழன் காலை ஏழு மணிக்கே வாசலில் நின்றேன். முன்பதிவு இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை என்று காவலர் தடுத்தார். பிழையைத் திருத்த மட்டுமே வந்திருக்கிறேன் என்று மன்றாடியதன் பேரில் ஓர் எழுத்தர் வாசலுக்கே வந்து தாளை வாங்கிப் பார்த்தார். இது ஜெர்மனிக்குள் செல்லுபடியாகும் சான்று, நீங்கள் ஏன் வெளியே போக வேண்டும் என்று கேட்டார். என் தொழில் வெளியே போவது என்றேன். மாணவர் என்றுதானே எழுதியிருக்கிறது என்றார். மின்னஞ்சல் அனுப்பி முன்பதிவு கேட்கும்படி அறிவுறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் முரட்டுத்தனமாக ஒன்றும் பேசவில்லை. அதனால்தான் என் கோபத்துக்கு இன்றுவரை போக்கிடம் கிடைக்கவில்லை. பின்னர் கிடைத்த முன்பதிவு நாளில் அந்தத் திருத்தம் இரண்டு நிமிடங்களில் முடிந்தது. அந்த இரண்டு நிமிடங்களுக்காகக் காத்திருந்தது பன்னிரண்டு நாட்கள்.

இருந்தாலும் வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் ரயிலில் பயணம் செய்து விசா விண்ணப்ப மையத்துக்குப் போனேன். விரைவுச் சேவைக்குப் பணம் கட்டியிருந்தேன். அது ஐந்து வேலை நாட்களில் முடிவு சொல்லும் சேவை என்பதைக் கணக்கிட்டால் மறு வெள்ளிக்கிழமைதான் வரும், கச்சேரியோ வியாழன். மறு வேலை நாளே முடிவு சொல்லும் அதிவிரைவுச் சேவைக்கு இடம் இல்லை. மையத்தின் ஊழியர் என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வங்கிக் கணக்கு விவரமும் பல்கலைக்கழகப் பதிவுச் சான்றும் ஜெர்மன் மொழியில் இருக்கின்றனவே, ஆங்கில மொழிபெயர்ப்பு எங்கே என்று கேட்டார். இது படிவத்திலேயே தெளிவாக எழுதப்பட்டுள்ள விதி. ஆங்கிலத்தில் இல்லாத எந்த ஆவணத்துக்கும் முழு மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் பெயர், கையொப்பம், தேதி ஆகியவையும் வேண்டும். மூன்று ஆண்டுகள் ஜெர்மனியிலேயே வாழ்ந்துவிட்டதால், ஜெர்மன் மொழியும் ஓர் அந்நிய மொழி என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

அழைப்புக் கடிதமும் சரியில்லை. இசைக்குழு என் மேலாளருக்கு எழுதிய மின்னஞ்சலைத்தான் அச்சிட்டு எடுத்துப் போயிருந்தேன். 2024 ஜனவரி 31 முதல், ஊதியம் பெறும் குறுகிய கால அழைப்புகளுக்குத் தனி விசா இல்லை. வழக்கமான வருகையாளர் விசாவுக்குள்ளேயே அது சேர்க்கப்பட்டுவிட்டது. எளிதாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், எளிதுதான். ஆனால் அந்த நிகழ்ச்சி பயணத்துக்கு முன்பே உறுதியாகியிருக்க வேண்டும், உங்கள் தொழில்திறனோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், நாட்டுக்குள் நுழைந்த 30 நாட்களுக்குள் முடிய வேண்டும், இவை அனைத்தும் முறையான அழைப்புக் கடிதத்தில் தெரிய வேண்டும். அமைப்பின் முகவரி அச்சிட்ட தாள், நிகழ்ச்சியின் தேதி, அரங்கம், ஊதியம், பயணச் செலவு யாருடையது, பொறுப்பாளரின் கையொப்பம் ஆகியவற்றை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். கேட்டால் அரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவார்கள். கேட்கத் தெரியாதவனுக்கு ‘உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறோம்’ என்ற மின்னஞ்சல்தான் கிடைக்கும்.

கைவிரல் பதிவு முடிந்து கடவுச்சீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கூடுதல் கட்டணம் செலுத்தினால் முடிவு வரும் வரை கடவுச்சீட்டை நாமே வைத்துக்கொள்ளும் வசதி சில மையங்களில் உண்டு என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். அதன் விலை எனக்கு நெதர்லாந்தில் தெரிந்தது. சரியாகச் சொன்னால், நெதர்லாந்துக்குப் போகாததில் தெரிந்தது. அங்கே ஓர் உதவி நடத்துநர் பணிக்கான தேர்வு அதே மாத இறுதியில் இருந்தது. ரயிலில் போ, யார் கேட்கப் போகிறார்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது; கடவுச்சீட்டும் இல்லாமல், தவறான கட்டத்தில் குறியிட்ட தாளோடு, திரும்பி வரும் ரயிலில் மாட்டிக்கொள்ள நான் துணியவில்லை. பிரிட்டனும் ஜெர்மனியும் தக்க காரணம் காட்டும் குடிமக்களுக்கு இரண்டாவது கடவுச்சீட்டு வழங்குகின்றன. எனக்கு அந்த வழி இல்லை.

திங்கட்கிழமை நண்பகலுக்குள் இசைக்குழுவுக்கு உறுதியான பதில் தேவைப்பட்டது. மேலாளர் என்னைக் குறை சொல்லவில்லை. வேறொருவரைப் பரிந்துரைத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார். அந்த வேறொருவர் என் வகுப்புத் தோழர், ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன். அவர் தன் கைப்பேசியிலேயே மின்னணுப் பயண அனுமதிக்கு விண்ணப்பித்து, தேநீர் ஆறுவதற்குள் அதைப் பெற்றும்விட்டார். அன்று மாலையே என் அறைக்கு வந்து, சற்றுக் கூச்சத்தோடு, நான் சிவப்பும் நீலமுமாகக் குறிப்பெழுதி வைத்திருந்த எட்டாம் சிம்பொனி ஸ்கோரை இரவல் கேட்டார். கொடுத்தேன். புதன் இரவு, இறுதிப் பகுதியைத் தொடங்கிவைக்கும் எக்காளங்களுக்கு முன் எவ்வளவு நேரம் நிறுத்துவாய் என்று கேட்டுச் செய்தி அனுப்பினார். அதற்கும் பதில் எழுதினேன். கச்சேரி நன்றாக நடந்தது. அவரை மறுபடியும் அழைத்திருக்கிறார்கள்.

மூன்று வாரம் கழித்து என் கடவுச்சீட்டு திரும்பி வந்தது. விசா வழங்கப்பட்டிருந்தது! கல்யாணம் முடிந்து பந்தலையும் பிரித்த பிறகு வந்து நின்ற நாகஸ்வரக்காரரைப் போல அது என் மேசைமேல் கிடந்தது.

இந்தச் சமயத்தில் மும்பையில் பிறந்த நடத்துநர் சுபின் மேத்தாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வியன்னாவில் படித்துக்கொண்டிருந்த அவர் 1958இல் லிவர்பூல் போட்டிக்குப் போய் வென்றார். 1960இல் மான்ட்ரியலில் மார்க்கெவிச்சுக்குப் பதிலாகவும், 1961இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபிரிட்ஸ் ரைனருக்குப் பதிலாகவும் நின்று, இரண்டு இசைக்குழுக்களுக்கும் இயக்குநரானார். அவருடைய திறமையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் 1962 குடியேற்றச் சட்டம் வரும் வரை காமன்வெல்த் நாட்டினர் பிரிட்டனுக்குள் தடையின்றி நுழைய முடிந்தது என்பதையும், இந்தியர்கள் அங்கு செல்ல முன்கூட்டியே விசா பெற வேண்டும் என்ற விதி 1986இல்தான் வந்தது என்பதையும் இப்போது நான் தேதியோடு மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

இரண்டாம் முறை எல்லாம் ஒழுங்காக நடந்ததால் சொல்வதற்கு அதிகம் இல்லை. அதே நாட்டில் வேறோர் இசைக்குழு பள்ளிக் குழந்தைகளுக்கான இரண்டு காலைக் கச்சேரிகளுக்கு மூன்று மாதம் முன்பே அழைத்தது. கையொப்பமிட்ட கடிதம், சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்புகள், மூன்றாவது கட்டத்தில் குறியிட்ட தாள் ஆகியவற்றோடு போனேன். பதினொரு நாட்களில் விசா கிடைத்தது. விமான நிலையத்தில் அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு, குழந்தைகள் சத்தம் போடுவார்கள், தயாராக இருங்கள் என்றார். போட்டார்கள்.

இப்போது என் பையில் ஸ்கோர்களோடு ஓர் உறையும் நிரந்தரமாக இருக்கிறது: ஆறு மாத வங்கி விவரம், பதிவுச் சான்று, இரண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு, அழைப்புக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நானே எழுதி வைத்த மாதிரி. மேலாளரிடமும் ஒரு படி கொடுத்திருக்கிறேன். அடுத்து யாருக்காவது காய்ச்சல் வந்தால் (வர வேண்டும் என்று நான் விரும்பவில்லை, ஆனால் நவம்பரில் வராமலும் இருப்பதில்லை) இரண்டு நாட்களாவது மிச்சமாகும்.

தோழர் என் ஸ்கோரைக் கிறிஸ்துமஸுக்கு முன் திருப்பித் தந்தார். இறுதிப் பகுதியின் தொடக்கத்தில், எக்காளங்களுக்கு முன், என் நீலக் குறியைச் சற்று இடப்பக்கம் தள்ளிப் பச்சைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தார். அழிப்பானை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். அவர் இட்ட இடம்தான் சரி.